கைச் சோதனை

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் விஜயபாஸ்கர் தம்பி. ஆறிப்போனால் ஏலக்காய் வாசம் போய்விடும். என் மனைவி ஜுலைஹா பீவி ஊருக்குப் போயிருக்கிறாள், அதனால் இது நான் போட்ட டீ, சுமாராகத்தான் இருக்கும். ஏசி சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள். நான் அபுதாபிக்கு வந்த காலத்து ஏசி அது.

சிறையில் கிடக்கிற நம் ஆட்களுக்காக ஓடியாடும் சங்கத்துக்காரர் நீங்கள். என் மகன் ஈசா உங்களைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை. அவன் சொன்னதை நீங்கள் போனில் சுற்றி வளைத்துச் சொன்னீர்கள். அது உங்கள் நல்ல மனசு. நேராகவே கேட்டிருக்கலாம். ஈசா சொன்னது எல்லாம் உண்மை. மாயாண்டி உள்ளே இருப்பது மாயாண்டி செய்த குற்றத்துக்காக இல்லை. சனிக்கிழமை காலை உங்களோடு போலீசுக்கு வந்து, அந்தப் பொட்டலம் தன்னுடையது என்று சொல்லப் போவதாக ஈசா பிடிவாதமாக நிற்கிறான். அவனை நிறுத்த வேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டான், இப்போது என்னோடு பேசுவதே இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பான். முழுவதையும் தெரிந்துகொண்டால் நீங்களே அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்று நம்பித்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

என் தொழில் உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது. கிளீனிங் கம்பெனி என்றுதான் வெளியில் சொல்வோம். வில்லாக்களில் கார்ப்பெட் துவைப்பவன் என்று நினைத்துக்கொள்வார்கள், நானும் திருத்துவதில்லை. நாங்கள் துவைப்பது வேறு. ஒரு ரென்ட்-எ-கார் வண்டியில் போதைப் பவுடரோடு ஒருவன் பிடிபடுகிறான் என்று வையுங்கள். கேஸ் முடிந்து வண்டி முதலாளிக்குத் திரும்பி வருகிறது. சீட்டின் தையலில், பெல்ட்டில், ஏசி காற்று வரும் துவாரத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசு மிச்சம் இருக்கும். அடுத்து அந்த வண்டியை எடுப்பவர் பிள்ளைகுட்டியோடு பார்டர் தாண்டும் நல்ல மனிதராக இருப்பார். மோப்ப நாய்க்கு நல்லவர் கெட்டவர் தெரியாது. அதனால் முதலாளிகள் வண்டியை முஸஃபாவில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு அனுப்புவார்கள். வாடகைக்கு இருந்தவன் பிடிபட்டுப் போன பிளாட் என்றால் நாங்களே அங்கே போவோம்.

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். வெள்ளைத் தாளால் துடைப்போம், அதன்மேல் மருந்து ஒரு சொட்டு விடுவோம். தூசு இருந்தால் தாள் ஊதாவாகும். கழுவுவோம், மறுபடி துடைப்போம், தாள் வெள்ளையாகவே இருக்கும்வரை விடமாட்டோம். நான் கையெழுத்துப் போட்ட வண்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

கைச் சோதனை நான் கொண்டுவந்த விதி. முன்பு ஒரு வில்லாவில் எத்தனை தடவை கழுவினாலும் ஓர் அறை ஊதாவே காட்டியது. கடைசியில் பார்த்தால் அறையில் ஒன்றுமில்லை, துடைத்தவன் கையில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஷெட்டில் யாராக இருந்தாலும், வண்டியைத் தொடுவதற்கு முன் தன் இரண்டு கையையும் தாளால் துடைத்து, சொட்டு விட்டு, பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்ட வேண்டும். எங்கள் மேனேஜர் பத்மநாபன் நாகர்கோவில்காரர். "தொழுகைக்குப் போறவன் மாதிரி கம்பெனில எல்லாரையும் ஒளு எடுக்க வச்சிட்டீரே ஓய்" என்று கிண்டல் செய்வார். ஆனால் விதியை எடுக்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் இருப்பவன் மாயாண்டி. முதுகுளத்தூருக்கு அந்தப் பக்கம் ஊர். கட்டட வேலைக்கு வந்து, அந்தக் கம்பெனி படுத்துவிட, எங்கள் ஷெட்டுக்கு ஹெல்பராக வந்தவன். நான் கீழக்கரை என்றதும் சொந்தக்காரனைக் கண்டதுபோல ஒட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் ஷெட்டுக்கு வந்து என் கொரோலாவைக் கழுவிவிட்டு, எங்கள் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, ஈசாவோடு கேரம் ஆடிவிட்டு லேபர் கேம்புக்குப் போவான். ஈசா ஆடுவது இங்கிலீஷில், மாயாண்டி ஆடுவது தமிழில். இருவருமே கள்ளாட்டம் ஆடுவார்கள். ஜுலைஹாவை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நல்லவன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

ஒரு நாள் காலை ஷெட்டில் ஒரு பெரிய வண்டி நின்றது. வழக்கம்போல் முதலில் நான் கையைத் துடைத்துச் சொட்டு விட்டேன். தாள் ஊதாவானது.

"என்ன பாய், ஒங்க கையில வருது?" என்றான் மாயாண்டி.

"பாட்டில் கெட்டுப்போச்சு போல" என்றேன்.

அவன் தன் கையைத் துடைத்து, அதே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டான். தாள் வெள்ளையாகவே இருந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு இரண்டு தாளையும் கசக்கித் தன் பையில் போட்டுக்கொண்டான். "கழுவிட்டு வாங்க பாய், யாரும் வரல" என்றான்.

நான் அன்று தொட்டவை என் வீட்டுக் கதவும் என் கார் ஸ்டீயரிங்கும்தான். முந்தைய நாள் சாயங்காலம் கொரோலாவை எடுத்துப் போனவன் ஈசா.

பதினேழு வயது அப்போது. லைசென்ஸ் கிடையாது, கார்னிஷ் கடற்கரை வரைக்கும்தானே என்று நான்தான் சாவியைக் கொடுப்பேன். அன்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "நத்திங் வாப்பா, ஃப்ரெண்ட்ஸோட சும்மா" என்றான். கையைக் காட்டச் சொன்னேன். காட்டாமல் அழுதான். அவனுடைய மெலிவை நான் பரீட்சைக் கவலை என்று நினைத்திருந்தேன். ஊரார் வண்டியில் ஊசிமுனைத் தூசியைக் கண்டுபிடிக்கிறவனுக்குச் சொந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை தெரியவில்லை. போதைக்காரர்களுக்கு அப்போதுதான் சட்டம் இறுகியிருந்தது, தூக்கு வரைக்கும் போகலாம் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டார்கள். அன்று முதல் போலீஸ் வண்டியைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாயாண்டியும் நானுமாகக் கொரோலாவை ஷெட்டில் வைத்துப் பிரித்தோம். சீட்டைக் கழற்றினோம், பெல்ட்டை முழுக்க இழுத்துத் துடைத்தோம். ஏன் என்று அவன் கேட்கவில்லை. சாம்பல் டப்பாவுக்கு அடியில் சூயிங்கம் வெள்ளித்தாளில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். மாயாண்டி கண்ணைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "பாய், இது வேணாம் பாய். விட்ருங்க. அக்காவும் புள்ளையும் இருக்காக" என்றான்.

என்னுடையது என்று நினைத்துவிட்டான். நான் திருத்தவில்லை. மகன் என்று தெரிவதைவிட நான் என்று நினைப்பதே மேல் என்று பட்டது. "விட்டுர்றேன் மாயாண்டி" என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. நான் எதையும் விட வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கும் கலங்கியது.

பொட்டலத்தை நான் அப்போதே கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்கலாம். ஈசாவும் இதைத்தான் கேட்டான். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்டெடுத்த பொருளை எறியக் கூடாது, வைத்திருக்க வேண்டும் என்பது ஷெட்டில் பழக்கம். பழக்கமாகத்தான் இருக்கும்.

அடுத்த வாரம் ஈசாவின் சிநேகிதப் பையன் கார்னிஷில் பிடிபட்டான். ஈசா வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டான். "வாப்பா, அவன் சொல்லிடுவான். கார் நம்பர் அவனுக்குத் தெரியும். ஐ டோன்ட் வான்ட் டு டை வாப்பா." ஒரு தகப்பன் இதைக் கேட்கக் கூடாது தம்பி. உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா? சின்னதுதானே, இன்னும் காலமிருக்கிறது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இவனை எங்கே ஒளிப்பேன் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் விசா கொடுத்த கபீலிடம் இருந்தது, ஏர்போர்ட்டுக்கு ஓட முடியாது. கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கவா முடியும்?

அழுது முடித்தபின் அவன் தூங்கிவிட்டான். நான் நிதானமாக யோசித்தேன். கார் நம்பரை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். கார் சுத்தமாக இருக்கும், அது என் பொறுப்பு. ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் தேடிக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்பார்கள், பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சிறுநீர் சோதிப்பார்கள். ஏதாவது கிடைத்தால்தான் தேடுவது நிற்கும். என் தொழிலிலும் அப்படித்தான். ஊதாவைக் கண்ட இடத்தில் ஆள் நின்றுவிடுவான்.

மறுநாள் மத்தியானம், மாயாண்டி டியூட்டியில் இருந்தபோது கேம்புக்குப் போனேன். நான் சூப்பர்வைசர், அவன் ரூமுக்குள் போவதை யாரும் கேட்கமாட்டார்கள். அவன் கட்டிலுக்கு அடியில் ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டி இருந்தது. அடுத்த மாதம் அவனுக்கு லீவு. கோடாலித் தைலம், டாங் பவுடர், ராக்கம்மாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை, ரோஜாப்பூ போட்டது. ராக்கம்மா அவன் மனைவி. பொட்டலத்தைப் போர்வைக்குள் வைத்தேன். புதுப்போர்வை, மடிப்புக் கலையாமல் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஷெட்டில் பழைய துடைத்த தாள்கள் போடும் டப்பாவை மாயாண்டியைக் காலி செய்யச் சொன்னேன். கையுறை தீர்ந்துவிட்டது என்றேன். மற்ற நாளில் கையுறை இல்லாமல் அவனை அதன் பக்கமே விடமாட்டேன், அவன் உடம்புக்கு ஆகாது என்று. "பரவால்ல பாய்" என்று இரண்டு கையாலும் அள்ளினான்.

அதற்கடுத்த நாள் காலை போலீஸ் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த அதிகாரிக்கு என்னைத் தெரியும், எங்கள் ஷெட்டுக்கு வந்துபோனவர். கார் என்னுடையது, வெள்ளிக்கிழமைகளில் மாயாண்டி எடுத்துக் கழுவுவான், சாவி அவனிடம் இருக்கும் என்று சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை பாருங்கள். பிறகு கேம்புக்குப் போனார்கள். போர்வையை விரித்தார்கள். மாயாண்டியின் கையைத் துடைத்துச் சொட்டு விட்டார்கள்.

அவன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு எதிராகப் போனது. தின்கிறவன் இல்லை என்றால் விற்கிறவன் என்று எழுதிக்கொண்டார்கள். அது நான் நினைத்துப் பார்க்காதது. அதற்காக உண்மையிலேயே வருந்தினேன், இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மாயாண்டிக்குத் தமிழும் உடைந்த இந்தியும்தான் தெரியும். தமிழுக்கு ஆள் பிடித்து வர நேரமாகும் என்று, முதல் விசாரணைக்கு அதிகாரி என்னையே உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அரபி எனக்கு நன்றாக வரும். பொட்டலம் யாருடையது என்று கேட்டார்கள். மாயாண்டி என்னைப் பார்த்தான். கோபமே இல்லை அந்த முகத்தில். "பாய், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. எம் பொட்டிக்குள்ள எப்படி வந்துச்சுன்னே தெரியல. ஒங்க கை விசயத்த நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீக. ஆத்தா சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றான்.

இதை ஈசாவுக்கு நான் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் சொல்கிறேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டான் என்று அங்கேதான் எனக்கு உறுதியானது. அதோடு பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம் ஈசாவைப் பற்றியது. அதிகாரியின் பக்கம் திரும்பி, பொட்டலம் தன்னுடையது என்கிறான், வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்கிறான், மன்னிக்கச் சொல்கிறான் என்றேன். கலாஸ் என்று அவர் எழுதி முடித்தார். மாயாண்டியிடம், உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள், கைநாட்டு வை, கோர்ட்டில் யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே, வெளியில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வைத்தான். கோர்ட்டில் வேறு மொழிபெயர்ப்பாளர் வந்தார், நல்ல தமிழ் பேசினார். மாயாண்டி வாயைத் திறக்கவில்லை. நீண்ட தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

ஈசாவை ஜுலைஹாவோடு கீழக்கரைக்கு அனுப்பினேன். மாடி அறையில் வைத்துப் பூட்டினாள். வாந்தி, உதறல், உம்மாவையே அடிக்கக் கை ஓங்கினான் என்று போனில் அழுவாள். ஆனால் மீண்டுவிட்டான் தம்பி. ஆறேழு மாதத்தில் உடம்பில் சதை பிடித்துத் திரும்பி வந்தான். இன்று கம்ப்யூட்டர் கடையில் வேலை, ஐந்து வேளை தொழுகை. புதைக்கப் போன மையித்துத் திரும்பி வந்த மாதிரி. அவனைப் பார்க்கும்போதெல்லாம், நான் செய்தது வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். ராக்கம்மாவையும் நான் மறக்கவில்லை. போலீஸ் எடுத்துப்போன போர்வை மாதிரியே, அதே ரோஜாப்பூ போட்டதைத் தேடிப்பிடித்து வாங்கி, ஊருக்குப் போனவர் கையில் கொடுத்தனுப்பினேன். இதை ஈசா உங்களிடம் சொல்லியிருக்கமாட்டான்.

அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். வெள்ளித்தாள் பொட்டலம் என்று கேள்விப்பட்டபோதே தெரிந்திருக்கும், மடித்தவனே அவன்தானே. இருந்தும் இத்தனை நாள் பேசாமல் இருந்தான். போன மாதம் என்னிடம் சொல்லாமல் சிறைக்குப் போய் மாயாண்டியைப் பார்த்திருக்கிறான். நான் போனதில்லை, போனால் அவனுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம். மாயாண்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா எப்படியிருக்காக தம்பி? அந்தப் பழக்கத்த விட்டுட்டாகளா?" என்று கேட்டானாம். விட்டுவிட்டார் என்று ஈசா சொல்லியிருக்கிறான். "அது போதும்" என்றானாம் அவன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன ஈசா அன்றிலிருந்து என் கையால் சோறு வாங்குவதில்லை.

இதுதான் முழுக்கதை. இப்போது நீங்கள் நிதானமாக யோசியுங்கள். ஈசா போய்ச் சொன்னால் மாயாண்டி வெளியே வரலாம், வராமலும் போகலாம். ஈசா உள்ளே போவது மட்டும் நிச்சயம். மாயாண்டிக்கு அந்த இடம் பழகிவிட்டது. சமையல்கட்டில் வேலை கொடுத்திருக்கிறார்களாம், எல்லாருக்கும் அவனைப் பிடிக்குமாம். வெயிலில் மண் சுமந்த உடம்பு, தாங்கும். ஈசா ஏசியில் வளர்ந்த பிள்ளை. உள்ளே போனால் அந்தச் சனியனை மறுபடி தொட்டுவிடுவான், எனக்குத் தெரியும். பெருநாளைக்கு மன்னிப்புக் கொடுப்பார்கள், அந்த மனுவில் மாயாண்டி பெயரைச் சேருங்கள். கம்பெனி சார்பில் நானே நற்சான்று எழுதித் தருகிறேன், நல்ல உழைப்பாளி, நாணயமானவன் என்று. இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம். அவன் பொறுத்துக்கொள்வான்.

என்ன கேட்டீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி, ஏசி இரைச்சலில் கேட்கவில்லை.

பொட்டலம் என்னுடையது என்று நானே போய்ச் சொல்லலாமா? மாயாண்டியும் அப்படித்தான் நினைக்கிறான், கார் என் பெயரில்தான் இருக்கிறது, ஈசாவும் வெளியே, மாயாண்டியும் வெளியே. புரிகிறது, புரிகிறது. இதுவரை யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. ஈசாகூடக் கேட்கவில்லை.

நீங்கள் படித்தவர், இப்படிக் கேட்கலாமா? நான் அந்தப் பொருளை ஒருநாள்கூட வாயிலோ மூக்கிலோ வைத்தவன் இல்லை. விற்றவன் இல்லை. இத்தனை வருடமாக அதைக் கழுவிக் கழுவியே பிழைத்தவன். செய்யாத குற்றத்துக்கு ஒரு மனிதன் போய்ச் சிறையில் உட்கார வேண்டும் என்றால், அது அநியாயம் இல்லையா தம்பி?